பிழையற்றது என்னும் சான்று: மின்னூல் அணுகுதன்மைச் சோதனையும் தமிழ்ப் பதிப்பியலும்

ஆய்வுச்சுருக்கம்

ஈபப் வடிவ மின்னூல்கள் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையா எனச் சோதிக்க, சிஜில் என்னும் மின்னூல் தொகுப்பியில் இயங்கும் ஏஸ் முதலான செருகுநிரல்கள் இன்று பயன்படுகின்றன. இச்சோதனை எவற்றைக் காண்கிறது, தமிழ்ப் பனுவலில் எவற்றைக் காணாது விடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய குறியேற்றம், வடிவொத்த எழுத்துகள், வகையுளி, கல்வெட்டுப் பதிப்புக் குறிகள் ஆகியன சோதனையின் பார்வைக்கு அப்பாற்பட்டவை என்பதும், அவை யாவும் பதிப்பியல் சார்ந்த சிக்கல்கள் என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன. புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் சான்றாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: மின்னூல், அணுகுதன்மை, செருகுநிரல், திரைவாசிப்பான், ஒருங்குறி, பதிப்பியல், வகையுளி, குடுமியான்மலை.

முன்னுரை

தமிழில் மின்னூல் முயற்சிகள் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டன. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்னூலகத்தை வளர்த்தெடுத்தது. 2013 முதல் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் நூல்களை ஈபப் உள்ளிட்ட வடிவங்களில் வெளியிட்டு வருகின்றனர். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஒருபுறம், காப்புரிமைக் காலம் முடிந்த இலக்கண இலக்கியங்கள் மறுபுறம் எனத் தமிழில் தடையின்றி வெளியிடத்தக்க நூல்களுக்குக் குறைவில்லை.

சட்டமும் இடையூறாக இல்லை. 2012ஆம் ஆண்டுக் காப்புரிமைத் திருத்தச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்க வடிவில் நூலை மாற்றி வழங்குவதற்கு 52ஆம் பிரிவின்கீழ் விலக்களித்தது. 2013 சூன் திங்களில் ஏற்கப்பட்ட மராக்கேசு உடன்படிக்கைக்கு 2014இல் முதலில் ஏற்புறுதி அளித்த நாடு இந்தியாவே. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணையவழி நூலகமும் வந்தன. எனவே ‘ஏன் கிடைக்கவில்லை’ என்னும் வினா மெல்லப் பின்தள்ளப்பட்டு, ‘கிடைத்தது படிக்கத்தக்கதாக உள்ளதா’ என்னும் வினா முன்னுக்கு வந்துள்ளது. தமிழ் இலக்கியத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு இளங்கலை, முதுகலை பயிலும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களை அரசு கல்லூரிகளின் தமிழ்த்துறைகளில் காணலாம். அவர்களுக்கு இவ்வினா தேர்வோடும் தகுதித் தேர்வோடும் பணியோடும் தொடர்புடையது.

இவ்வினாவுக்கு விடையளிப்பதாகக் கூறும் கருவிகளில் பரவலானது ஏஸ். அது தரும் அறிக்கையை ஒரு பனுவலாகக் கொண்டு, தமிழ்ப் பதிப்பியல் நோக்கில் திறனாய்வதே இக்கட்டுரையின் முயற்சி.

செருகுநிரல் எதைக் காண்கிறது?

சிஜில் 2009இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள். ஈபப் கோப்பின் உள்ளுறுப்புகளைத் திறந்து திருத்த உதவுவது. அதன் செருகுநிரல்கள் பைத்தான் மொழியில் எழுதப்படுகின்றன. டெய்சி கூட்டமைப்பு உருவாக்கி, 2018 சனவரியில் முதற்பதிப்பாக வெளியிட்ட ஏஸ் என்னும் சோதனைக் கருவியைச் சிஜிலுக்குள்ளிருந்தே இயக்க ஒரு செருகுநிரல் உண்டு. அக்ஸஸ்-எய்ட் என்னும் மற்றொரு செருகுநிரல், குறைகளைச் சுட்டுவதோடு நில்லாமல் மொழிப் பண்புக்கூறு, பங்குக் குறிப்பு, மாற்றுரை, மீத்தரவு ஆகியவற்றைச் சேர்க்கவும் உதவுகிறது.

ஏஸ் கருவி, இணைய உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டுநெறிகளையும் ஈபப் அணுகுதன்மைச் செந்தரத்தையும் அடிப்படையாகக் கொண்டது. பின்னதன் 1.0 பதிப்பு 2017இலும், 1.1 பதிப்பு 2023இலும் வெளியாயின. படத்துக்கு மாற்றுரை உள்ளதா, தலைப்புகள் முறையான வரிசையில் அமைந்துள்ளனவா, எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய நிறவேறுபாடு உள்ளதா, அட்டவணையின் தலைப்புக் கட்டங்கள் சுட்டப்பட்டுள்ளனவா, அணுகுதன்மை குறித்த மீத்தரவு தரப்பட்டுள்ளதா என்பன போன்ற பலவற்றை அது ஆராய்ந்து, ஒவ்வொரு மீறலையும் நான்கு கடுமைநிலைகளுள் ஒன்றில் வைத்து அறிக்கை தருகிறது. நூலிலுள்ள படங்கள் அனைத்தையும் அவற்றின் மாற்றுரையுடன் ஓரிடத்தில் தொகுத்துக் காட்டுவது அவ்வறிக்கையின் மிகப் பயனுள்ள பகுதி எனலாம்.

இக்கருவியின் சிறப்பாகத் தமிழாய்வாளர் தனித்துக் குறிக்க வேண்டியது பக்க எண் பற்றிய சோதனை. ஈபப் நூலில் எழுத்தளவுக்கு ஏற்பப் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். அச்சுநூலின் பக்கம் எங்குத் தொடங்குகிறது என்பதைக் குறியாக இட்டு, அது எந்த அச்சுப் பதிப்பின் பக்கம் என்பதையும் மீத்தரவில் கூற முடியும். பக்கக் குறிகள் இருந்து மூலப்பதிப்பு சுட்டப்படாவிடின் ஏஸ் அதைக் குறையாகக் காட்டும். பார்க்கும் ஆய்வாளர் நூலகத்தில் நூலைப் புரட்டி அடிக்குறிப்புக்குப் பக்க எண் எடுத்துக்கொள்கிறார். பார்வையற்ற ஆய்வாளர் பக்கக் குறியில்லாத மின்னூலை முழுமையாகக் கேட்டு முடித்தபின்னும், ஒரு மேற்கோளுக்குப் பக்க எண் தரப் பிறர் துணையை நாட வேண்டியுள்ளது. தமிழ் மின்னூல்களில் பெரும்பாலானவை இக்குறியை இடுவதேயில்லை. இந்த ஒன்றைச் செய்யத் தூண்டினாலே செருகுநிரல் தன் இருப்புக்கு நியாயம் தேடிக்கொள்ளும்.

ஆயின், கருவியை உருவாக்கியோரே அதன் எல்லையை வெளிப்படையாகக் கூறியுள்ளனர். தானியங்கிச் சோதனை அணுகுதன்மையின் ஒரு பகுதியை மட்டுமே உறுதிசெய்யும் என்பதாலேயே, மனிதர் கைப்படச் செய்யும் சோதனைக்கென ஸ்மார்ட் என்னும் துணைக்கருவியையும் டெய்சி கூட்டமைப்பு உருவாக்கியது. எனவே ‘மீறல் எதுவுமில்லை’ என்னும் அறிக்கையை நூற்சான்றாகக் கொள்வது கருவியின் பிழையன்று. அதை வாசிப்போரின் பிழை. தமிழில் அப்பிழை எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதே அடுத்துக் காணவேண்டியது.

மொழிக்குறிப்பும் குறியேற்றமும்

திரைவாசிப்பான் ஒரு பக்கத்தை எந்த மொழியின் குரலில் ஒலிக்க வேண்டும் என்பதை அப்பக்கத்தின் மொழிப் பண்புக்கூறே தீர்மானிக்கிறது. அப்பண்புக்கூறு உள்ளதா, செல்லுபடியாகும் மொழிக்குறியா என இரண்டையும் ஏஸ் சோதிக்கிறது. பனுவல் உண்மையில் அம்மொழியில்தான் உள்ளதா என்பதை அது சோதிப்பதில்லை. மின்னூல் உருவாக்கும் மென்பொருள்கள் பலவற்றில் இயல்பாக அமைந்திருக்கும் மொழி ஆங்கிலம். மாற்ற மறந்தால், தமிழ் நாவல் ஒன்று ‘ஆங்கிலம்’ என்னும் முத்திரையோடு வெளியேறும். அதைத் திறக்கும் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலுக்கு மாறித் தமிழ் எழுத்துகளைப் பேசாது கடக்கும். அல்லது எழுத்தெழுத்தாகச் சிதறடிக்கும். அறிக்கையோ பச்சை நிறத்தில் இருக்கும்.

நூலின் பொதுவிவரத்தில் உள்ள மொழியை எடுத்து எல்லாப் பக்கங்களிலும் பதிக்கும் அக்ஸஸ்-எய்ட் போன்ற உதவிக்கருவி இந்நிலையில் நன்மையோடு தீமையும் செய்யவல்லது. முதற்குறிப்பு தவறாயின் அத்தவறு எல்லா இயல்களிலும் ஒரே சீராகப் பரவும். சிதறிக் கிடந்த பிழையைவிட ஒழுங்குபடுத்தப்பட்ட பிழை கண்டறியக் கடினமானது.

இதனினும் ஆழமானது குறியேற்றச் சிக்கல். தமிழ் அச்சகங்களும் பதிப்பகங்களும் நெடுங்காலம் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களைக் கொண்டே பக்கங்களை வடிவமைத்தன. இன்றும் வடிவமைப்போர் உளர். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவைப் போர்த்துகிறது. இத்தகைய கோப்பை வடிவமைப்பு மென்பொருளிலிருந்து நேரே ஈபப் ஆக்கி, எழுத்துருவையும் உள்ளே பொதித்துவிட்டால், கண்ணுக்கு அது குறையற்ற தமிழ்நூல். தலைப்புகளை ஒழுங்குசெய்து, படங்களுக்கு மாற்றுரை எழுதி, மொழியைத் ‘தமிழ்’ எனக் குறித்து, மீத்தரவை நிரப்பிவிட்டால் ஏஸ் அதில் ஒரு மீறலையும் காணாது. ஒருங்குறி அறிந்த எவரும் ஒரு பக்க அளவிலான கோப்பைக் கொண்டு இதைத் தாமே செய்து பார்க்கலாம். செவிக்குக் கிடைப்பது முந்நூறு பக்க அளவிலான பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை.

தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆணை, ஒருங்குறியோடு தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் செந்தரமாக ஏற்றது. பின்னது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அச்சு வடிவமைப்புக்கு அதனால் பயன் விளைந்திருக்கலாம். ஆனால் தனிப்பயன் பகுதியின் எழுத்துகளுக்கு உலகப் பொதுப் பெயரோ பொருளோ இல்லை என்பதால், திரைவாசிப்பானுக்கு அவை வெற்றிடமே. இங்கும் செருகுநிரல் மௌனம் காக்கும்.

ஆய்வுலகம் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு அளிக்கப்பட்டு இணையக் களஞ்சியங்களில் ஏற்றப்பட்ட தமிழ் ஆய்வேடுகளில், ஒருங்குறி அல்லாத எழுத்துருவில் அமைந்தவை ஏராளம். அவற்றைச் செவியால் படிக்க இயலாது. சொல் தேடவும் இயலாது. பார்வையுள்ளோர் இரண்டாவது குறையை மட்டும் அறிந்து வருந்துகின்றனர்.

கண்ணுக்கு ஒன்று, செவிக்கு வேறு

ஒருங்குறியிலேயே அமைந்த பனுவலிலும் தமிழெழுத்தின் வடிவொப்புமை காரணமாக நேரும் பிழைகள் உள்ளன. ஔகாரத்தின் வலப்பகுதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றே. ‘ஔவையார்’ என்பதை ‘ஒ’ என்னும் உயிரும் ‘ள’ என்னும் உயிர்மெய்யும் இட்டுத் தட்டச்சிடுவோர் மிகுதி. திரையில் வேறுபாடு தெரியாது. குரலோ ‘ஒ-ள-வையார்’ என்று ஒலிக்கும். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌந்தரம் ஆகியனவும் இவ்வாறே சிதைகின்றன. துணைக்காலும் ரகரமும், எழுத்துணரி வழிப் பெறப்பட்ட பனுவல்களில், இதே வகையில் மயங்குகின்றன. தமிழ் எண்களின் நிலை இன்னும் நுட்பமானது. ஒன்று என்னும் தமிழ் எண்ணுக்கும் ககரத்துக்கும், இரண்டுக்கும் உகரத்துக்கும், எட்டுக்கும் அகரத்துக்கும் வடிவம் ஒன்று. ஒருங்குறியில் இடம் வேறு. பாட்டெண்ணுக்குக் ககரத்தை இட்ட நூலில் குரல் ‘ஒன்று’ என்று கூறாமல் ‘க’ என்றே கூறும்.

மற்றொன்று, தமிழ் அச்சு மரபுக்கே உரியது. வரியிறுதியில் சொல் முடியாதபோது இணைப்புக்குறி இடாமலேயே அடுத்த வரிக்குக் கொண்டுசெல்வது நம் அச்சு வழக்கம். எழுத்துணரி அவ்வரிகளை ஒன்றாக்கும்போது சொல்லின் நடுவே ஓர் இடைவெளி தங்கிவிடுகிறது. குறி இல்லாததால் அதை இயந்திரம் இனங்காண முடிவதில்லை. பார்க்கும் வாசகர் அதைத் தாண்டிச் சென்றுவிடுவார். கேட்கும் வாசகருக்கு ஒரு சொல் இரு அயற்சொற்களாகும்.

முதுகலை வகுப்பில் உடன்பயின்ற பார்வை மாற்றுத்திறனாளி நண்பர் ஒருவர், இத்தகைய மின்பனுவல்களைக் கேட்டபடியே எழுத்துக்கூட்டி அவற்றின் உண்மைச் சொல்லை மீட்டெடுப்பதை இக்கட்டுரையாளர் பலமுறை கண்டதுண்டு. ‘இவ்விடத்தில் ளகரம் இட்டிருக்கிறார்கள்’ என அவர் கூறியவை ஒவ்வொன்றும் மெய்ப்புப் பார்த்தோர் கண்ணுக்குத் தப்பியவை. பிரெயிலில் ஔகாரத்துக்குத் தனிப் புள்ளிக்கோலம் உண்டாதலால், விரலால் படிப்போருக்கும் இப்பிழை உடனே புலப்படும். பார்வை மாற்றுத்திறனாளிகளை மின்னூலின் பயனாளிகளாக மட்டும் கருதும் மனநிலையில் ஒரு குறை இருப்பதை இது காட்டுகிறது. தமிழ்ப் பனுவலின் எழுத்துத் தூய்மையைச் சோதிப்பதில் கண்ணை நம்பும் மெய்ப்பாளரைவிடச் செவியை நம்பும் மெய்ப்பாளர் தகுதி மிக்கவர். ஊதியம் தந்து அமர்த்த வேண்டிய பணி அது.

சீரும் சொல்லும்

செய்யுளுக்கு வருவோம். யாப்பின் பொருட்டுச் சொல் சிதைந்து இரு சீர்களில் நிற்பதை வகையுளி என்பர். மரபுவழிப் பதிப்புகளில் சீர்களுக்கிடையே இடைவெளி விடப்படுகிறது. எனவே வகையுளி உள்ள இடங்களில் ஒரு சொல் இடையே முறிந்து நிற்கும். பார்த்துப் படிக்கும் மாணவர் சீரையும் சொல்லையும் ஒரே நேரத்தில் மனத்தில் பிரித்துக்கொள்கிறார். பேச்சொலியாக்கியோ இடைவெளியைச் சொல்லெல்லையாகவே கொள்ளும். புணர்ச்சியால் பல சொற்கள் ஒன்றாகி நிற்கும் இடங்களில் இதன் மறுதலை நிகழும்: சொல்லெல்லை தெரியாமல் ஒரே மூச்சில் ஒலிக்கும்.

இச்சிக்கல் புதியதன்று. ஓலைச்சுவடியில் புள்ளியில்லை, எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இல்லை, சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. அச்சுக்கு வந்தபோது பதிப்பாசிரியர்கள் ஒவ்வொன்றாக இவற்றைத் தீர்த்தனர். சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பாடம் தேர்ந்து பதிப்பித்தனர். ஐயரின் பதிப்புகளில் நூலோடு அரும்பத அகராதியும் பொருளடைவும் இணைந்தன. மர்ரே எஸ். ராஜம் 1950களில் தொடங்கிய மலிவுப் பதிப்புகள், சந்தி பிரித்து நிறுத்தற்குறியிட்டுப் பொதுவாசகர் தாமே படிக்கும் வகையில் பழந்தமிழ் நூல்களைத் தந்தன. அக்காலத்திலேயே இதை ஏற்காதோர் இருந்தனர்; யாப்பு குலைகிறது என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தில் உண்மையில்லாமல் இல்லை. எனினும் வாசகரை நூலுக்குள் அனுமதிப்பதற்காகப் பனுவலின் தோற்றத்தை மாற்றுவது என்னும் துணிவு தமிழ்ப் பதிப்பியலின் மரபுக்கு உட்பட்டதே என்பதை இப்பதிப்புகள் நிறுவுகின்றன. அணுகுதன்மை என்பது மேலைத் தொழில்நுட்பம் நமக்கு அளித்த புதுச்சொல்லாக இருக்கலாம். செயல் நம்மிடம் முன்னரே இருந்தது.

ஆகவே மின்னூலாக்குவோர் எந்தப் பதிப்பை மூலமாகக் கொள்கின்றனர் என்பதே அணுகுதன்மையின் முதல் முடிவு. சந்தி பிரித்த பதிப்பு செவிக்கு உகந்தது; சீர் பிரித்த பதிப்பு யாப்பு பயில்வோருக்குத் தேவையானது. ஈபப் வடிவத்தில் இரண்டும் முரண்பட வேண்டியதில்லை. சொல்லை முறிக்காமல் எழுதி, சீரிடைவெளியைத் தோற்றப்பாணியின் வழியே கண்ணுக்கு மட்டும் காட்டலாம். அல்லது இரு வடிவங்களையும் தந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்பு தரலாம். எதைச் செய்தாலும், செய்யாவிடினும், செருகுநிரலின் அறிக்கை ஒன்றாகவே இருக்கும் என்பது நோக்கத்தக்கது.

புதுக்கோட்டைக் கல்வெட்டுகள்

புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகள் அரசமரபு வாரியாகத் தொகுக்கப்பட்டு 1929இல் நூலாயின. ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடம் கொண்ட அத்தொகுதி, இம்மாவட்டத்தின் வரலாற்றையும் வட்டார மொழியையும் ஆராய்வோர் எவரும் தவிர்க்க இயலாதது. இத்தகைய தொகுதியை மின்னூலாக்குவதாகக் கொள்வோம்.

கல்வெட்டுப் பதிப்பில் எழுத்தைப் போலவே குறிகளும் பொருளுடையன. ஐயத்துக்குரிய எழுத்தும் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பிய எழுத்தும் அடைப்புக்குள் நிற்கும். சிதைந்த இடம் புள்ளிகளால் காட்டப்படும். கல்லில் உள்ளது எது, அறிஞர் ஊகித்தது எது என்னும் வேறுபாடு முழுமையும் இக்குறிகளிலேயே அடங்கியுள்ளது. திரைவாசிப்பான்கள் தம் இயல்பு அமைப்பில் அடைப்புக்குறிகளைப் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. விளைவு, ஊகம் கல்வெட்டாகிவிடுகிறது. ஓர் அரசனின் பெயரோ ஆட்சியாண்டோ அடைப்புக்குள் இருந்தால், கேட்டுப் படித்த ஆய்வாளர் அதை உறுதியான சான்றாக எடுத்தாளக்கூடும். அப்பிழைக்கு அவர் பொறுப்பாகமாட்டார். கல்வெட்டு வரிகளின் எண்கள் சொற்களுக்கு நடுவே அச்சிடப்படுவதும் இத்தகையதே: கல்லில் வரி எங்கு முடிந்ததோ அங்கு எண் நுழையும், சொல்லின் பாதியாயினும். குரல் அவ்வெண்ணையும் சொல்லின் உறுப்பாகவே வாசிக்கும். வரியெண்ணைத் தனிக் கூறாக அடையாளமிட்டு, விரும்புவோர் கேட்கவும் வேண்டாதோர் நீக்கவும் வழிசெய்யலாம். ஊகப்பாடத்துக்குத் தனி அடையாளமும் தொடக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பும் தரலாம். இவை யாவும் பதிப்பாசிரியர் எடுக்க வேண்டிய முடிவுகள்.

நிலஅளவைப் பகுதிகளில் வரும் மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறியீடுகளுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்குறி 12.0 பதிப்பில்தான் தமிழ்த் துணைப்பகுதியாக இடம் கிடைத்தது. பேச்சொலியாக்கியின் அகராதியில் அவற்றுக்குப் பெயர் இல்லையெனில் அவை ஒலியின்றிக் கடந்துபோகும். கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தின் அளவு கேட்பவருக்குக் கிடைக்காது. இப்போதைக்குக் குறியீட்டை அடுத்துச் சொல்லாலும் எழுதுவதே தக்கது.

மாற்றுரை எவ்வளவு கடினமான பதிப்புப்பணி என்பதற்குக் குடுமியான்மலை இசைக்கல்வெட்டைவிடச் சிறந்த சான்று இல்லை. மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் கிரந்த எழுத்தில் அமைந்த இக்கல்வெட்டில், ஏழு பகுதிகளாகச் சுரக்கோவைகள் பொறிக்கப்பட்டுள்ளன. சுரங்களின் உயிரொலி மாறிமாறி வருகிறது. சில எழுத்துகளின்மேல் புள்ளிகள் உள்ளன. அவற்றின் பொருள் குறித்து இசையறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு. இதன் நிழற்படத்துக்குக் ‘குடுமியான்மலைக் கல்வெட்டு’ என்று மாற்றுரை எழுதினால் ஏஸ் நிறைவடையும். ‘படம் 4’ என்று எழுதினாலும் நிறைவடையும். ஆனால் படம் அந்நூலில் இடம்பெற்றதே புள்ளிகளைக் காட்டுவதற்காக எனில், அப்புள்ளிகள் எங்கெங்கு உள்ளன என்று கூறாத மாற்றுரை ஆய்வை மறைப்பதாகும். படத்தில் தெளிவில்லாத புள்ளியை என்னென்று எழுதுவது? எழுதுவோர் ஒரு வாசிப்பைத் தேர்ந்தாக வேண்டும். அத்தேர்வு ஆய்வுத் தேர்வு. எனவே அத்தகைய படத்துக்குச் சுருக்கமான மாற்றுரையோடு, சுரவரிசையைப் பனுவலாகவும் ஐயமான இடங்களைக் குறிப்பாகவும் தரும் விரிவான விளக்கம் தேவை. அதைக் கல்வெட்டறிவும் இசையறிவும் உடையவரே எழுத இயலும். மின்னூல் வடிவமைப்பாளர் கடைசி நாளில் நிரப்பும் கட்டமாக அது இருத்தல் தகாது. சித்தன்னவாசல் ஓவியங்களுக்கும் இது பொருந்தும், அங்குச் சிக்கல் வேறுவகை என்றாலும்.

பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் புதுக்கோட்டையில் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம் போன்ற அரிய சேகரங்கள் மின்னுருவாக்கம் பற்றிய பேச்சில் அடிக்கடி இடம்பெறுகின்றன. பக்கங்களைப் படமெடுத்துச் சேர்ப்பதோடு மின்னுருவாக்கம் முடிந்தது என்னும் கருத்து பொதுவாக நிலவுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் ‘பக்கம் 1’, ‘பக்கம் 2’ என மாற்றுரை இட்ட ஈபப் கோப்பும் மாற்றுரைச் சோதனையில் தேறிவிடும் என்பதைச் சேர்த்து எண்ணும்போதுதான், ‘தேறியது’ என்பதன் பொருள் எவ்வளவு மெலிந்தது என்பது விளங்கும்.

தமிழுக்கான செருகுநிரல்

கருவியைக் குறைகூறிவிட்டு நகர்வது எளிது. சிஜிலின் செருகுநிரல் அமைப்பு எவரும் எழுதத்தக்கது என்பதால், தமிழுக்குரிய சோதனைகளைத் தமிழறிந்தோரே எழுதலாம். சில விதிகள் வியப்பூட்டும் அளவுக்கு எளியவை. தமிழ் எனக் குறிக்கப்பட்ட பத்தியில் ஆங்கில எழுத்துகளே மிகுந்திருப்பின் பழைய குறியேற்றம் என ஐயுறலாம். ஆங்கிலம் எனக் குறிக்கப்பட்ட பக்கத்தில் தமிழெழுத்து மிகுந்திருப்பின் மொழிக்குறிப்பு தவறு. தனிப்பயன் பகுதி எழுத்து ஒன்று வந்தாலும் எச்சரிக்கை.

ஔகாரப் பிழைக்குரிய விதி சற்றுச் சுவையானது. எகரக் குறியையுடைய உயிர்மெய்யை அடுத்து, வேறு குறி எதுவும் ஏற்காத ளகரம் வருமாயின் அது ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஔகாரத்தின் சிதைவே. தெளிவு, வெள்ளம், கெளுத்தி ஆகியவற்றில் ளகரம் இகரத்தையோ புள்ளியையோ உகரத்தையோ ஏற்றிருப்பதால் இவ்விதி அவற்றைத் தொடாது. இதை வகுக்கத் தேவைப்பட்டது தமிழ்ச் சொல்லமைப்பு பற்றிய அறிவு. நிரலாக்கம் சில வரிகளே. தமிழ்த்துறைகளில் கணினித்தமிழ் ஒரு தாளாகக் கற்பிக்கப்படும் இன்று, விசைப்பலகை வகைகளையும் எழுத்துருப் பெயர்களையும் மனப்பாடம் செய்விப்பதற்கு மாற்றாக இத்தகைய விதி ஒன்றை வகுத்து எழுதச் சொல்வது தகும்.

வகையுளி, ஊகப்பாடம், மாற்றுரையின் பொருத்தம் ஆகியவற்றுக்கு விதி எழுத இயலாது. அங்குச் செருகுநிரல் செய்யக்கூடியது, உரிய இடங்களைத் தொகுத்துப் பதிப்பாசிரியர்முன் வைப்பது மட்டுமே. ஈபப் அணுகுதன்மைச் செந்தரம், நூலைச் சான்றளித்தவர் யார் என்று குறிப்பதற்கு மீத்தரவில் ஓர் இடம் தந்துள்ளது. தமிழ் மின்னூல்களில் அவ்விடம் வெறுமையாகவோ, கருவி தரும் ஆயத்த வாசகத்தைச் சார்ந்தோ விடப்படாமல், நூலை முழுவதும் செவியால் கேட்டு மெய்ப்புப் பார்த்தவரின் பெயர் அவர் இசைவோடு அங்கு இடம்பெற வேண்டும். அருகிலேயே மூலமாகக் கொண்ட அச்சுப் பதிப்பும் அதன் ஆண்டும் குறிக்கப்பட வேண்டும். அச்சுநூலின் முகப்புப் பக்கத்தில் பரிசோதித்தவர் பெயரைப் பொறித்து வந்த மரபுக்கு இது அயலானதன்று.